ரெண்டு வருஷம்கூட நிலைக்காத ராக் குழு... நாற்பது வருஷமாகக் கேட்கும் குரல்!

கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை எழுத்தை ஏற்றுவது, திருப்பூர் பிரின்டிங் பட்டறைகளில் பொறுமை கேட்கும் வேலை. வெள்ளைத் துணி என்றால் ஒரே இழுப்பில் முடிந்துவிடும். கறுப்புத் துணி அப்படி விடாது. மையைக் குடித்துவிட்டு மங்கலாகக் காட்டும். முதல் கோட் இழுத்து, ஹீட்டரைக் காட்டி லேசாக உலர்த்தி, துளி பிசகாமல் அதே இடத்தில் ஸ்கிரீனை வைத்து மறு கோட் இழுக்க வேண்டும். அப்புறம் க்யூரிங் மெஷினின் பெல்ட்டில் போட்டு நன்றாகச் சூடேற்றினால்தான் சலவைக்குத் தாங்கும். அப்படி வெளியே வரும் பீஸ்களில் மண்டையோடு, உடைந்த இதயம், கருகிய ரோஜா, கூடவே வாய்க்குள் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும். காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சமும் செகண்ட்ஸும் விற்கும் கடைகளில் அதை வாங்கிப் போகிற பையனுக்கு அது ஒரு டிசைன், அவ்வளவுதான். அமெரிக்காவில் அது ஒரு ராக் குழுவின் பெயர்.

இந்தக் கறுப்பு டி-ஷர்ட் உலகத்தில் ‘எமோ’ ஒரு தனிக் கிளை. ஒற்றைக் கண்ணை மறைத்து விழும் முடி, ஆணும் பெண்ணும் இட்டுக்கொள்ளும் கண் மை, இறுக்கமான பேன்ட், காதல் முறிவையும் தனிமையையும் தொண்டை கிழியக் கத்திப் பாடும் பாட்டு. 2000-களின் நடுவில் மை கெமிக்கல் ரொமான்ஸ், ஃபால் அவுட் பாய் போன்ற குழுக்கள் இந்தக் கோலத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஆனால், இந்த மரத்தின் வேரைத் தோண்டினால் கண் மையும் கிடையாது, கோடிகளில் ஒப்பந்தமும் கிடையாது. 1984-ல் வாஷிங்டனில் கூடிய நான்கு இளைஞர்கள் இருக்கிறார்கள். குழுவின் பெயர் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங். ஆயுள், இரண்டு வருஷத்துக்கும் குறைவு. ஏறிய மேடைகள் இருபதுக்கும் குறைவு. ஒரே ஒரு முழு ஆல்பம். இசை வரலாறு எழுதுகிறவர்கள் எமோவின் முதல் குழு என்று பெரும்பாலும் இவர்களைத்தான் கைகாட்டுகிறார்கள். அவர்களோ, ‘அந்தப் பிள்ளை எங்களுடையதே இல்லை’ என்று இன்றுவரை மறுக்கிறார்கள்.

அடிதடி மேடை

எண்பதுகளின் தொடக்கத்தில் வாஷிங்டன் பையன்கள் வாசித்த இசைக்கு ஹார்ட்கோர் பங்க் என்று பெயர். ஒரு பாட்டு ஒன்றரை நிமிஷம். சில சமயம் அதுவும் கிடையாது. கிதார் ஒரே உறுமல், டிரம்ஸ் ஓட்டப் பந்தயம், பாட்டு முழுக்கக் கோபம். ஊரின் கறுப்பின இளைஞர்கள் தொடங்கிய பேட் பிரெய்ன்ஸ் குழு அந்த வேகத்துக்கு வழிகாட்டியது. இயன் மெக்காய் பாடிய மைனர் திரெட் குழு அதை ஊர் ஊராகப் பரப்பியது. குடி, போதை எதுவும் வேண்டாம் என்று மெக்காய் பாடிய ஒரு பாட்டு, ‘ஸ்ட்ரெயிட் எட்ஜ்’ என்ற பெயரில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது.

1983-ல் மைனர் திரெட் கலைந்தது. அதற்குள் இந்தக் கச்சேரிகளின் குணமே மாறியிருந்தது. மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் முட்டி மோதி ஆடுவது விளையாட்டாகத் தொடங்கி, கைகலப்பாக முடிந்தது. மொட்டைத் தலைக் கும்பல்கள் சண்டைக்கென்றே வந்தன. பெண்கள் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். பிறகு வருவதையே நிறுத்தினார்கள். எந்த இசையைத் தாங்களே உருவாக்கினார்களோ, அதைக் கேட்கப் போவதற்கே அதைத் தொடங்கியவர்கள் தயங்கினார்கள்.

இந்த வெறுமையில்தான் 1984-ல் நான்கு பேர் சேர்ந்தார்கள். கீ பிச்சோட்டோ பாட்டும் கிதாரும். எடி ஜேனி இன்னொரு கிதார். மைக் ஃபெலோஸ் பேஸ் கிதார். பிரெண்டன் கேன்டி டிரம்ஸ். ஜேனி ஏற்கெனவே த ஃபெய்த் என்ற குழுவில் வாசித்து உள்ளூரில் பேர் வாங்கியவர். மற்ற மூவரும் இன்சரக்‌ஷன் என்ற குழுவில் கொஞ்ச காலம் கை பழகியவர்கள். பிச்சோட்டோவும் கேன்டியும் அப்போது இருபது வயதைக்கூடத் தொடவில்லை.

குழுவின் பெயர் ரஷ்ய இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே இசையிலிருந்து வந்தது. 1913 மே மாதம் பாரிஸில் அது முதல்முறை அரங்கேறியபோது, கேட்டவர்கள் கூச்சல் போட்டு அரங்கையே ரகளையாக்கினார்கள். அடுத்த தலைமுறைக்கு அது பாடப்புத்தகமானது. பெயர் வைத்த பையன்கள் இதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வாய்ப்பில்லை. கிட்டத்தட்ட அதே கதைதான் அவர்களுக்கும் நடந்தது.

கிதார் உடைந்தால் கச்சேரி இல்லை

ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் ஏன் இவ்வளவு குறைவாக மேடையேறியது? காரணம் எளிமையானது: கையில் கருவி இருக்காது. வாசிக்கிற வேகத்தில் கிதாரைத் தரையில் அடிப்பார்கள், ஆம்ப்ளிஃபையர் சரியும், டிரம்ஸ் உருளும். கச்சேரி முடியும்போது மேடை, திருவிழா முடிந்த திடல் மாதிரி கிடக்கும். உடைந்ததை ஒட்டவைத்து, காசு சேர்த்து, இரவல் வாங்கி அடுத்த கச்சேரிக்குத் தயாராக வாரக்கணக்கில் ஆகும்.

பெரிய ராக் நட்சத்திரங்களும் மேடையில் கிதார் உடைப்பார்கள். அவர்களுக்கு மறுநாள் கம்பெனி புதுக் கிதார் அனுப்பிவைக்கும். இந்தப் பையன்களுக்கு யார் அனுப்புவார்கள்? இருப்பது ஒரே கிதார். அதையும் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த ஊரில் பாடகர் கத்தினால் கூட்டமும் கூடவே கத்தும், இது வழக்கம். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் கச்சேரியிலோ, கேட்டவர்கள் அழுதார்கள் என்று அப்போது அங்கிருந்தவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அதுவரை விறைப்பாக நின்றவர்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டதுதான் ஊரில் பேச்சானது. பெண்கள் மறுபடி மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

அப்படி என்ன வாசித்தார்கள்?

1985 பிப்ரவரி. வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில், டான் ஸியென்டாரா என்பவர் தன் வீட்டின் நிலவறையில் நடத்திய இன்னர் இயர் ஸ்டுடியோ. அங்கேதான் ஆல்பம் பதிவானது. தயாரிப்பாளர், அதே இயன் மெக்காய். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்த எல்.பி. அந்த வருஷமே வெளியானது. மொத்தம் 12 பாட்டுகள்.

முதல் பாட்டு தொடங்கியதும், ‘இதுவும் அதே வேகப் பாட்டுதானே’ என்று தோன்றும். வேகம் அதேதான். ஆனால் காதைக் கொஞ்சம் கொடுத்தால் வித்தியாசம் ஒவ்வொன்றாகத் தெரியும். ஹார்ட்கோரில் கிதார் மொத்தமாக ஒரு சுவர் எழுப்பும். இங்கே பிச்சோட்டோ அந்தச் சுவரை எழுப்ப, ஜேனியின் கிதார் அதன் மேல் ஒரு மெட்டை இழைத்துக்கொண்டே போகிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் அந்த மெட்டுதான் பாட்டைத் தாங்குகிறது. ஃபெலோஸின் பேஸ் ஒரே சுரத்தில் தந்தியடிக்காமல் மேலும் கீழும் நடமாடுகிறது. கேன்டியோ வெறும் தாளக் கணக்கோடு நிற்பதில்லை. பாட்டு உடையப்போகும் இடத்தை முன்கூட்டியே உணர்ந்து அங்கே உருட்டி அடிக்கிறார்.

இத்தனைக்கும் மேலே பிச்சோட்டோவின் குரல். அழகான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பிக்கும்போது பேச்சு, நடுவில் பாட்டு, முடிவில் அலறல். சில இடங்களில் குரல் உடைந்து, சுருதி விலகி, சொல்லே நொறுங்குகிறது. வேறொரு ஸ்டுடியோவாக இருந்தால் ‘இன்னொரு டேக் போகலாம்’ என்று நிறுத்தியிருப்பார்கள். இங்கே அப்படியே விட்டார்கள். அந்தப் பிசிறுதான் ஆல்பத்தின் அடையாளம்.

பாடிய சங்கதியும் புதிது. அதுவரை வாஷிங்டன் பாட்டுகளில் கோபத்துக்கு முகவரி வெளியே இருந்தது: அரசாங்கம், போலீஸ், பள்ளிக்கூடம், குடிகாரன். இவர்கள் கேள்வியைத் தங்கள் பக்கமே திருப்பினார்கள். முறிந்த நட்பு, மறக்க நினைத்தும் விடாத ஞாபகம், கைநழுவும் காலம், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட வார்த்தை. ‘ஃபார் வான்ட் ஆஃப்’ பாட்டு முழுக்க ஞாபகத்தோடு நடக்கும் மல்யுத்தம். ‘ஹெயின்ஸ் பாயின்ட்’ என்பது வாஷிங்டனில் பொடோமாக் நதியோரம் இருக்கும் ஓர் இடத்தின் பெயர். ‘டிரிங்க் டீப்’ வேகத்தைக் குறைத்து, இரைச்சலையும் ஒலிநாடாவின் விநோத ஓசைகளையும் கலந்து நகர்கிறது. நான்கு பேரும் அடுத்து எங்கே போகப்போகிறார்கள் என்பதற்கு அதிலேயே தடயம் இருக்கிறது.

கடைசிப் பாட்டு ‘எண்ட் ஆன் எண்ட்’. ஒன்றரை நிமிஷப் பாட்டு ஊரில், ஏழு நிமிஷத்துக்கும் மேல் ஓடுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒரே வரி, ஒரே சுழற்சி, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு சுற்றிலும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, கருவிகள் ஒவ்வொன்றாகக் கட்டு அவிழ்கின்றன. கச்சேரி மேடையில் கிதார் உடையும் நிலைமையை ரெக்கார்டுக்குள் அடைத்துவைத்த பாட்டு இது.

தமிழ் ரசிகருக்குச் சோகப் பாட்டு புதிதல்ல. காதல் தோல்வி இல்லாத சினிமா ஆல்பம் எது? தனுஷ், அனிருத் கூட்டணியின் ‘கொலவெறி’ 2011 நவம்பரில் வெளியான பிறகு, அந்த வகைக்கு ‘சூப் சாங்’ என்று செல்லப்பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் நம் சோகப் பாட்டில் சோகம் ஹீரோவுடையது, வரி கவிஞருடையது, மெட்டு இசையமைப்பாளருடையது, குரல் இன்னொருவருடையது. நான்கு கைமாறிப் பளபளப்பாக வந்து சேரும். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கில் யாருக்கு வலித்ததோ அவரே எழுதினார், அவரே பாடினார். பக்கத்தில் நின்று வாசித்தவர்கள் அவருடைய கூட்டாளிகள். அதனால்தான் அந்தப் பாட்டுகளில் பளபளப்பு இல்லை.

புரட்சிக் கோடை

1985-ல் வாஷிங்டன் பங்க் வட்டாரத்தில் பலருக்கு மர்மக் கடிதங்கள் வந்தன. அனுப்பியவர் பெயர் இல்லை. பணயக் கடத்தல் கடிதம் மாதிரி எழுத்துகளை வெட்டி ஒட்டிய காகிதம். ‘புரட்சிக் கோடை வருகிறது, தயாராக இரு’ என்ற தோரணையில் செய்தி. அனுப்பியவர், ஆல்பத்தை வெளியிட்ட டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் வட்டத்தைச் சேர்ந்த ஏமி பிக்கரிங் என்ற இளம்பெண் என்பது பிறகு தெரிந்தது. சோம்பிக்கிடந்த நண்பர்களைத் தட்டியெழுப்ப அவர் செய்த குறும்பு அது.

குறும்பு பலித்தது. அந்தக் கோடையில் எம்ப்ரேஸ், பீஃப்ஈட்டர், கிரே மேட்டர் என்று குழுக்கள் வரிசைகட்டின. எம்ப்ரேஸில் பாடியவர் மெக்காய்தான். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கைத் தயாரித்த கையோடு, அவரே அந்தப் பாணிக்கு மாறியிருந்தார். அடிதடிக்கு இடமில்லாத கச்சேரிகள், நன்கொடைக் கச்சேரிகள் நடந்தன. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிராக அந்த நாட்டுத் தூதரகத்துக்கு முன்னால் பையன்களும் பெண்களும் டிரம், வாளி என்று கையில் கிடைத்ததைத் தட்டி முழங்கினார்கள். பாஸிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்பும் அந்த வருஷம்தான் வாஷிங்டனில் வேர்விட்டது. தனிமனிதத் துக்கத்தைப் பாடியவர்கள் பொதுக் காரியத்துக்கும் தெருவில் நின்றார்கள். பின்னால் வந்த எமோ வியாபாரத்தில் இந்தப் பாதி மட்டும் காணாமல் போனது.

கத்தரிக்கோலும் பசையும்

இந்த ஆல்பம் நாற்பது வருஷம் தாண்டியும் கிடைப்பதற்குக் காரணம் அதை வெளியிட்ட டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். (இன்றைய அரட்டைச் செயலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1980-ல் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் வாசித்தார்கள். கச்சேரிகளில் கிடைத்ததைப் பங்கு பிரிக்காமல் ஒரு பெட்டியில் சேர்த்து வந்தார்கள். குழு கலையும்போது அதில் சுமார் 600 டாலர் இருந்தது. பிரித்துக்கொண்டு போகலாமா, பாட்டுகளை ரெக்கார்டாகப் போடலாமா என்று பேசி, ரெக்கார்டு போட்டார்கள். கலைந்துபோன குழுவின் பாட்டுகளுக்காகத் தொடங்கிய கம்பெனி அது.

ஆயிரம் பிரதிக்கு உறை வேண்டும். கம்பெனியில் கொடுத்துச் செய்யக் காசு இல்லை. ஒரு பழைய ரெக்கார்டு உறையைப் பசை பிரித்து விரித்தார்கள். அதை அளவாக வைத்து வரைந்து அச்சடித்து, தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கை வேலையாகவே முடித்தார்கள். டிஸ்கார்டின் ஆரம்பகாலச் சிறு ரெக்கார்டுகள் பலவற்றுக்கு உறை இப்படித்தான் தயாரானது. அந்த முதல் உறையில் இருந்த படம், பெருக்கல் குறி போட்ட இரண்டு கைகள். குடிக்கும் வயது வராத பையன்களை அடையாளம் காண கிளப்புகளில் கையில் போட்ட குறி, பிறகு ஸ்ட்ரெயிட் எட்ஜ் இயக்கத்தின் சின்னமானது.

பழைய பீஸைத் தையல் பிரித்துப் பேட்டர்ன் எடுக்கும் வித்தையைத் திருப்பூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தபோது, இந்த ஊரின் பனியன் கம்பெனிகளும் இருந்த மெஷின்களை வைத்துக்கொண்டுதான் ஏற்றுமதியில் இறங்கின. இன்று ஊரின் பின்னலாடை ஏற்றுமதி வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. ஆனாலும் தைக்கும் சட்டையின் கழுத்துப்பட்டியில் வெளிநாட்டுப் பையரின் பெயர்தான். நூல் விலை ஏறினாலும் பீஸ் ரேட்டை நிர்ணயிப்பது அந்தப் பெயர்தான். டிஸ்கார்ட் பையன்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இந்த ஒரு விஷயத்தைத்தான்: செய்வதும் நாங்கள், பெயரும் எங்களுடையது.

கம்பெனியின் விதிகள் கொஞ்சம்தான். வாஷிங்டன் வட்டாரக் குழுக்களின் ரெக்கார்டு மட்டுமே வெளியிடுவது. எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக வரும் லாபத்தைக் குழுவோடு பங்கிடுவது. விலையைக் குறைவாக வைப்பது. தபால் செலவு உட்பட விலை இவ்வளவுதான் என்று விளம்பரத்திலும் உறையிலும் சொல்லிவிடுவது. அச்சிட்டு விநியோகிக்க லண்டனின் சதர்ன் நிறுவனம் கைகொடுத்தது. விளம்பரத்துக்கு அள்ளிக்கொட்டாததால் நஷ்டமும் பெரிதாக வரவில்லை. பெரிய கம்பெனியாக இருந்தால் கலைந்த குழுவின் ரெக்கார்டை இரண்டே வருஷத்தில் கிடங்கில் தள்ளியிருக்கும்.

கலைந்தார்கள்... கூடினார்கள்

1986 ஜனவரியில் இன்னும் நான்கு பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். அதே சமயத்தில் குழுவும் முடிவுக்கு வந்தது. அந்த நான்கு பாட்டுகளும் ‘ஆல் த்ரூ எ லைஃப்’ என்ற பெயரில் 1987-ல்தான் வெளியாயின. ஆல்பமும் இதுவும் சேர்ந்து, கூடுதலாக ஒரு பாட்டோடு, பிறகு ‘எண்ட் ஆன் எண்ட்’ என்ற பெயரில் 17 பாட்டு சி.டி.யாக வந்தது. 1984 ஏப்ரலில் பதிவுசெய்து மூலையில் கிடந்த ஆறு பாட்டு டெமோவை டிஸ்கார்ட் 2012-ல் வெளியிட்டது. குழுவின் மொத்தச் சொத்து இவ்வளவுதான். ஒரு மதியத்தில் கேட்டு முடித்துவிடலாம்.

ஃபெலோஸ் விலக, மற்ற மூவரும் எம்ப்ரேஸின் மைக்கேல் ஹாம்ப்டனைச் சேர்த்துக்கொண்டு ஒன் லாஸ்ட் விஷ் என்று ஒரு குழு தொடங்கினார்கள். அது மாதக்கணக்கில்தான் நின்றது. 1987-ல் பழைய நால்வரும் மறுபடி கூடி ஹாப்பி கோ லிக்கி என்ற பெயரில் முற்றிலும் வேறு மாதிரி, மேடையிலேயே கட்டியெழுப்பும் இரைச்சல் இசை வாசித்தார்கள். பழைய பாட்டை மறுபடி வாசித்துக் கைதட்டல் வாங்கும் ஆசை அவர்களுக்கு இருக்கவில்லை. அதுவும் 1988 பிறக்கும்போது முடிந்தது.

1987 செப்டம்பரில் வாஷிங்டனின் வில்சன் சென்டரில் ஃபுகாஸி என்ற புதுக் குழு முதல் கச்சேரி செய்தது. மெக்காய், ஜோ லாலி, டிரம்ஸில் கேன்டி. பிறகு பிச்சோட்டோவும் சேர்ந்தார். இந்தக் குழு 2002 வரை ஊர் ஊராகச் சுற்றியது. டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். எந்த வயதினரும் உள்ளே வரலாம். ஆட்டத்தில் யாராவது அடுத்தவரை இடித்தால் பாட்டை நிறுத்திவிட்டு, மேடையிலிருந்தே அவரை அழைத்துக் கண்டிப்பார்கள்.

ஃபுகாஸியிடம் டி-ஷர்ட் கிடையாது! ராக் குழுக்களுக்குச் சாப்பாடு போடுவதே டி-ஷர்ட் விற்பனைதான். அந்தக் காசு வேண்டாம், ரெக்கார்டு மட்டும் விற்கிறோம் என்று கடைசிவரை நின்றார்கள். விடுமா வியாபாரம்? ‘இது ஃபுகாஸி டி-ஷர்ட் அல்ல’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட திருட்டு டி-ஷர்ட்கள் சந்தைக்கு வந்தன. குழு விற்காத சரக்கு குழுவின் பெயரிலேயே அமோகமாக ஓடியது.

பெயர் ஒருவருக்கு, காசு ஒருவருக்கு

‘எமோகோர்’ என்ற பட்டம் எண்பதுகளின் நடுவிலேயே கிளம்பிவிட்டது. சிலர் கேலியாகச் சொன்னார்கள். சில பத்திரிகைகள் உண்மையாகவே எழுதின. எம்ப்ரேஸ் கச்சேரி ஒன்றில் மேடையிலிருந்தே மெக்காய் அதை முட்டாள்தனமான பெயர் என்று காய்ச்சி எடுத்தார். பிச்சோட்டோவும் தன் தலையில் கட்டப்பட்ட இந்தப் பட்டத்தை ஏற்கவே இல்லை. எங்களுக்கு முன்னால் வந்த பேட் பிரெய்ன்ஸ் என்ன, உணர்ச்சியே இல்லாத எந்திரங்களா என்று ஒரு பேட்டியில் திருப்பிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பெயர் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை; ஊர் மாறியது. 1994-ல் சியாட்டிலில் சன்னி டே ரியல் எஸ்டேட் குழுவின் ‘டைரி’ வந்தது. அமெரிக்காவின் நடு மாநிலங்களில், கல்லூரி ஊர்களில், இந்த இசை இன்னும் மென்மையானது. அதில் தனித்துச் சொல்ல வேண்டியது அமெரிக்கன் ஃபுட்பால். இலினாய் மாநிலத்தின் அர்பானாவில் படித்த மூன்று மாணவர்கள் 1997-ல் தொடங்கினார்கள். 1999 செப்டம்பரில் ஒரு முழு ஆல்பம். படிப்பு முடிந்தது, பிரிந்தார்கள். டிரம்ஸும் டிரம்பெட்டும் வாசித்த ஸ்டீவ் லாமோஸ் பேராசிரியரானார். பதினைந்து வருஷம் ரசிகர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டு அந்த ரெக்கார்டை வளர்த்தார்கள். 2014-ல் அவர்கள் மறுபடி மேடையேறியபோது, மாணவர் காலத்தில் கனவிலும் காணாத கூட்டம் நியூயார்க்கில் காத்திருந்தது. ஆல்பம் அட்டையில் இருக்கும் அர்பானா வீட்டின் முன்னால் நின்று படம் எடுக்க ரசிகர்கள் வந்தபடியே இருந்தார்கள். 2023-ல் குழுவினரும், அவர்களின் பாலிவைனல் ரெக்கார்டு கம்பெனியும் மற்ற சிலரும் சேர்ந்து அந்த வீட்டையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், 2000-களில் எம்.டி.வி. வந்தது, பெரிய கம்பெனிகள் வந்தன, ஷாப்பிங் மால்களில் எமோ உடைக்கே கடைகள் வந்தன. 2006-ல் மை கெமிக்கல் ரொமான்ஸின் ‘த பிளாக் பரேட்’ வந்தபோது, ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் பெயரைக் கேட்டிராத கோடிக்கணக்கான பிள்ளைகள் எமோ ரசிகர்கள் ஆகியிருந்தார்கள். அந்தப் பாட்டுகள் போலி என்று சொல்வது நியாயமில்லை. பலருக்கு விடலைப் பருவத்தைக் கடக்க அவை துணை நின்றிருக்கின்றன. 2022-ல் லாஸ் வேகாஸில் நடந்த ‘வென் வி வேர் யங்’ விழாவுக்குத் திரண்ட கூட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் 5 டாலர் கச்சேரியும், தூதரக வாசலில் தட்டிய டிரம்மும், ஒப்பந்தமில்லாத கம்பெனியும் அந்தச் சந்தைக்கு வந்து சேரவில்லை.

நம் ஊருக்கு இதில் என்ன?

சினிமாவுக்கு வெளியே தமிழில் குழுவாகப் பாடுவது இன்னும் மேட்டுப்பாதைதான். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒன்றாக்கி, சாதியைப் பற்றிச் சினிமாப் பாட்டு பேசத் தயங்கியதைப் பேசியது. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் முன்னின்று உருவாக்கிய குழு அது. அதன் இசை எமோவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் சொந்தப் பாட்டை, சொந்தக் கூட்டாளிகளோடு, சொந்த மேடையில் பாட வேண்டும் என்ற பிடிவாதம் வாஷிங்டன் பையன்களுடையதுதான்.

கோவை, திருப்பூர், ஈரோடு கல்லூரிகளில் கிதாரும் கஹோன் என்ற பெட்டி டிரம்மும் வைத்துக்கொண்டு கூடும் பிள்ளைகள் இன்று ஏராளம். கல்ச்சுரல்ஸ் மேடையில் சினிமாப் பாட்டு வாசித்துப் பரிசு வாங்குகிறார்கள். படிப்பு முடிந்ததும் ஒருவர் பெங்களூரு, ஒருவர் அப்பாவின் பனியன் கம்பெனி, ஒருவர் வெளிநாடு என்று பிரிகிறார்கள். பிரிவதில் தப்பேதும் இல்லை. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கும் பிரிந்தது, அமெரிக்கன் ஃபுட்பாலும் பிரிந்தது. ஆனால் அவர்கள் பிரிவதற்கு முன்னால் சொந்தப் பாட்டுகளை ஒழுங்காகப் பதிவுசெய்தார்கள். பதிவை யாருக்கும் எழுதிக்கொடுக்காமல், பத்திரமாக வைத்துக்கொள்ளும் கைகளில் ஒப்படைத்தார்கள். நம் கல்லூரிக் குழுக்கள் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான். நல்ல மைக்கும் ஒரு லேப்டாப்பும் இருக்கும் நண்பரின் அறை போதும். 1985-ன் நிலவறை ஸ்டுடியோவைவிட அதில் வசதி அதிகம்.

நால்வரில் கேன்டி, ஜோ லாலியோடு சேர்ந்து மெஸ்தெட்டிக்ஸ் என்ற குழுவில் இப்போதும் டிரம்ஸ் வாசிக்கிறார். பிச்சோட்டோ, பிளாண்ட் ரெட்ஹெட் போன்ற குழுக்களுக்கு ஆல்பம் தயாரித்துக் கொடுத்தார். ஃபெலோஸ், சில்வர் ஜூஸ் குழுவோடு வாசித்தார். இன்னர் இயர் ஸ்டுடியோ பிறகு வேறு கட்டடத்துக்கு மாறி, 2021-ல் மூடப்பட்டது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் ஆல்பத்தை டிஸ்கார்ட் இன்றும் விற்கிறது, இணையத்திலும் கேட்கலாம். புதிதாகக் கேட்பவர்கள் ‘ஃபார் வான்ட் ஆஃப்’ பாட்டில் தொடங்குங்கள், அடுத்து ‘டிரிங்க் டீப்’. ‘எண்ட் ஆன் எண்ட்’ கடைசியில் இருக்கட்டும். ஹெட்போன் இருந்தால் நல்லது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் ஹெட்போன்தான்.